அலுவலக போனில் காலர் ஐடி: வேலூர் வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தோட்டப்பாளையம், லாட்ஜ்): சார், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ரூம் கேட்டு லேண்ட்லைனில் கூப்பிடுகிறார்கள். ரிசப்ஷன் போனில் கூப்பிடுபவர் நம்பரே (காலர் ஐடி) வருவதில்லை. இபிஏபிஎக்ஸுக்கு (வெளி லைனை உள்ளே பல போன்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) காலர் ஐடிக்கென்று தனி கார்டு வாங்கணும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். லைன், இபிஏபிஎக்ஸ் பெட்டி, ரிசப்ஷன் போன் என்ற மூன்றில் நம்பர் எங்கே தொலைகிறது என்று முதலில் பாருங்கள். லைன் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, காலர் ஐடி உள்ள சாதாரண போனில் நேராக மாட்டி, செல்லிலிருந்து கூப்பிடுங்கள். அதிலும் வராவிட்டால் எக்ஸ்சேஞ்சில் சொல்லி அந்த வசதியைப் போட வைக்க வேண்டும். அந்த நிலையில் கார்டு வாங்குவது வீண்செலவு.

நம்பர் வந்தால் லைன் சரி, அடுத்து பெட்டியின் ப்ரோக்ராமிங். நம் லைன்களில் நம்பர் டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என்ற இரண்டு சிக்னல் முறைகளில் ஒன்றில் வரும். லைன் ஒன்றில் அனுப்பி, பெட்டி வேறொன்றை எதிர்பார்த்தால் திரை காலியாகத்தான் இருக்கும். மாற்றி வைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாத பழைய பெட்டி என்றால்தான் கார்டு. ரிசப்ஷன் போன் காலர் ஐடி காட்டக்கூடியதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை, தோல் கம்பெனி): நன்றாக வந்துகொண்டிருந்தது. ஃபைபருக்கு மாறியதிலிருந்து இல்லை.

பதில்: இப்போது உங்கள் பெட்டிக்கு நம்பரை அனுப்புவது எக்ஸ்சேஞ்ச் இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடம். அது எஃப்எஸ்கேயில் அனுப்ப, உங்கள் பெட்டி பழைய டிடிஎம்எஃப்பிலேயே நிற்கிறதா பாருங்கள். பெட்டியில் மாற்றினால் போதும்.

கேள்வி (ஆம்பூர்): ஆட்டோ அட்டெண்டன்ட் (வரும் காலைப் பெட்டியே தானாக எடுத்துப் பேசும் வசதி) வைத்தோம், நம்பர் போய்விட்டது.

பதில்: எஃப்எஸ்கே என்றால் நம்பர் வழக்கமாக முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்தான் வரும். முதல் மணியிலேயே பெட்டி எடுத்துவிட்டால் எப்படி வரும்? இரண்டு மணி அடித்த பிறகு எடுக்கும்படி வையுங்கள்.

கேள்வி (காட்பாடி): அண்ணா, திரையில் நம்பர் வருகிறது. அதையே திரும்ப அடித்தால் போகவில்லை.

பதில்: செல் நம்பரா தம்பி? 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும். உங்கள் பெட்டியில் வெளி லைன் எடுக்கவும் 0 தான் என்றால், இரண்டு 0 அடித்து அப்புறம் பத்து இலக்கம். ரீடயலில் இதைத் தானாகச் சேர்க்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. ப்ரோக்ராம் செய்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வேலூர் 0416, குடியாத்தம் 04171 என்று வரும் லேண்ட்லைன் நம்பர்களுக்கு எஸ்டிடி கோடு முன்னால் 0 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி): எங்களிடம் பிஆர்ஐ (ஒரே இணைப்பில் பல கால்கள் போகும் லைன்). நாங்கள் கூப்பிட்டால் மேனேஜரின் செல் நம்பர் தெரியும்படி செய்யலாமா?

பதில்: கூடாது. பிஆர்ஐயில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். ஆனால் வெளியே காட்டுவது உங்களுக்கு ஒதுக்கிய நம்பர்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறு நம்பரைக் காட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டேயே சேர்க்காதீர்கள், சட்டச் சிக்கலில் மாட்டுவது நீங்கள்தான். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனி டிஐடி நம்பர் (வெளியிலிருந்து நேராக அந்த உள் போனுக்கே வரும் நம்பர்) காட்டலாம். மேனேஜருக்கும் அப்படி ஒன்று கொடுத்து, அதற்கு வரும் கால்களை அவர் செல்லுக்குத் திருப்பி விடுங்கள்.