பட்டியலில் மானிட்டர் எங்கே, தம்பி?

கேள்வி: அண்ணா, மூன்று வருஷமாகச் சேர்த்த மூன்றரை லட்சம் கையில் இருக்கிறது. கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். என் பட்டியல்: கோர் அல்ட்ரா 9 285கே, ஆர்.டி.எக்ஸ். 5080 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜி.பி. ரேம் நாலு, 360 எம்.எம். லிக்விட் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட், கலர் லைட் ஃபேன் ஒன்பது, 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை). மானிட்டர் பழைய 24 இன்ச், 60 ஹெர்ட்ஸ், ஃபுல் எச்.டி. இருக்கிறது. 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸும் இருக்கிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்து 5090-க்கே போய்விடலாமா என்றும் ஒரு யோசனை. கூட்டாளிகளோடு வாலரண்ட் ஆடுவேன், மற்றபடி கதை உள்ள கேம்கள்தான். (ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: தம்பி, பட்டியலை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பொறாமை, இரண்டாவது தடவை கவலை. தென்னந்தோப்புக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஏழரை எச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டு அரை இன்ச் பைப்பில் தண்ணீர் பாய்ச்சப் பார்க்கிறீர்கள். கார்டு நொடிக்கு இருநூறு ஃபிரேம், அதாவது இருநூறு படம், வரைந்து தள்ளினாலும் உங்கள் மானிட்டர் காட்டப்போவது அறுபதுதான். மீதிக்கு நீங்கள் கரண்ட் பில் மட்டும் கட்டுவீர்கள்.

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள், கார்டு தானாக முடிவாகும். ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி என்கிற நடுத்தரத்தில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை புள்ளியை வரைகிற வேலை கார்டுடையது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 27 இன்ச், 1440பி, 165 ஹெர்ட்ஸுக்குக் குறையாத ஒன்றை எடுப்பேன். அதற்கு என்விடியாவின் 5070 டிஐ அல்லது ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி. தாராளம், இரண்டிலும் 16 ஜி.பி. மெமரி இருக்கிறது, 5080-யிலும் அதே 16தான். இல்லை, 4கே-தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் 5080-ஐ வையுங்கள், ஆனால் 4கே மானிட்டரும் அதே பட்ஜெட்டுக்குள் வரட்டும்.

5090-ஐ மறந்துவிடுங்கள். 2025-இல் இந்தியாவில் அறிமுக விலையே 2,14,000 ரூபாய், அதுவும் காகிதத்தில். அந்த ஒரு கார்டு மட்டும் 575 வாட் இழுக்கும், அத்தனையும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் இறங்கும். பிராசஸரையும் மற்றதையும் சேர்த்தால் 700 வாட்டைத் தாண்டும். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடியது சுமார் 3,500 வாட் வெப்பம், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டரே தின்றுவிட்டால் மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலுக்கு என்ன மிஞ்சும்?

பிராசஸரையும் மாற்றுங்கள். 285கே மோசமில்லை, வீடியோ எடிட்டிங் செய்கிறவர் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். கேமுக்கு என்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டே கோர்தான், ஆனால் 96 எம்.பி. எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) வைத்திருப்பதால் வாலரண்ட் மாதிரி பிராசஸரை நம்பி ஓடுகிற கேம்களில் அதன் பக்கத்தில் மற்றவை நிற்பது கஷ்டம். அது உட்காருகிற ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையாவது விடமாட்டோம் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது, நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டு பி850 போதும்.

ரேம் நாலு வேண்டவே வேண்டாம். ஏ.எம்.5-இல் இந்த மாதிரி பெரிய குச்சிகள் நாலு செருகினால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும், காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வானேன்? 16 ஜி.பி. இரண்டு, 6000 வேகம், சி.எல். 30 (தாமத அளவு, குறைவாக இருந்தால் நல்லது). 2025 கடைசியிலிருந்து ரேம் விலை போகிற போக்கில் 128 ஜி.பி. என்பது நகைக்கடைச் சமாசாரம். மாட்டியதும் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்போவை ஆன் செய்ய மறக்காதீர்கள், மறந்தால் 6000 என்று வாங்கியது மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கேபினட் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும், கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற கிழக்குக் காற்று எவ்வளவு புழுதியைக் கொண்டுவரும் என்று உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைக் கேளுங்கள். லிக்விட் கூலரும் தேவையில்லை, இரண்டு ஃபேன் வைத்த நல்ல ஏர் கூலர் இந்தப் பிராசஸருக்குப் போதும். எந்தக் கூலராக இருந்தாலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது, அறை பத்து டிகிரி ஏறினால் உள்ளேயும் கிட்டத்தட்ட பத்து ஏறும். கலர் லைட் உங்கள் இஷ்டம், நான் தலையிடவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.தான் எல்லோரும் கடைசியில் மிச்சக் காசுக்கு வாங்குவது. 5080 என்றால் என்விடியாவே 850 வாட் கேட்கிறது, 5070 டிஐ-க்கு 750. ஏ.டி.எக்ஸ். 3.1, கோல்டு சான்று உள்ளது பாருங்கள். கார்டுக்குப் போகும் அந்த 16 முள் கேபிளை இடைவெளி தெரியாமல் முழுக்க அழுத்துங்கள், செருகியிருக்கிற இடத்திலேயே மடக்காதீர்கள். 2022-இல் 4090 வந்தபோது பிளக் உருகிய படங்கள் பார்த்திருப்பீர்கள், அரைகுறையாகச் செருகியது ஒரு முக்கியக் காரணம்.

600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது சுமார் 360 வாட். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும், அவ்வளவுதான் அதன் சேவை. 1500 வி.ஏ., சைன்வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை தருவது) வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதாக இருந்தால் பின்னால் யு.பி.எஸ். மோடு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்புறம் எர்த். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். ஃபில்டரிலிருந்து வருகிற கசிவு போக வழியில்லை, அதாவது எர்த் சரியில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் என் மதர்போர்டு போனது. பவர் பிளக்கை ஒழுங்காகப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன், டெலிபோன் கம்பியில் வந்த பிராட்பேண்டின் லேன் வயரை விட்டுவிட்டேன். இடி அந்த வழியாக வந்துவிட்டது. இப்போது மேகம் கறுத்தாலே இரண்டையும் பிடுங்குகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் வாங்கி வேலந்தாவளம் வழியாகக் கொண்டுவந்தால் வரிப் பிரச்சனை வருமா? (ஒரு வாசகி, வேலந்தாவளம்)

பதில்: 2017 ஜூலைக்கு முன்னால் கேட்டிருந்தால் நீளமாக எழுதியிருப்பேன், அப்போது இரண்டு பக்கமும் வேறு வேறு வரி, செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை. இப்போது கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இரு மாநிலத்திலும் ஒரே 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். முழுத் தொகைக்கும் பில் வாங்குங்கள். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் முக்கியமாகக் கார்டை வாங்கவே வாங்காதீர்கள், வாரண்டிக்குப் போனால் பில்லைத்தான் கேட்பார்கள். தொகை 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) பற்றிக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பெட்டிகளில் உள்ள சீரியல் நம்பர் பில்லிலும் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள்.

கேள்வி: மூணாறில் குளிர்தானே, எங்களுக்குக் கூலர் கவலை இல்லையே? (ஒரு வாசகர், மூணாறு)

பதில்: இல்லை, கொடுத்துவைத்தவர். உங்கள் எதிரி ஈரம். மழைக்காலத்தில் கம்ப்யூட்டரைப் போர்த்தி மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடட்டும், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். தரையில் வைக்க வேண்டாம். ஜன்னலை ஒட்டியும் வேண்டாம், மூடுபனி நேராக ஃபேனுக்குள் போகும்.