விளையாட்டு அறிவியல் இளநிலைப் படிப்பு: சென்னையில் படிப்பதற்கும் வெளிநாட்டில் படிப்பதற்கும் என்ன வேறுபாடு?

பிளஸ் டூ முடித்த மகளுக்கு விளையாட்டு அறிவியல் படிக்க ஆசை, எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் உடற்கல்வி படித்தவன். என் சித்தி மகள் ஆஸ்திரேலியாவில் இளநிலை முடித்தாள். இரண்டும் ஒரே படிப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 7.04 என்பேன். 400 மீட்டர் ஓட்டத்தில், லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால், இரண்டாவது லேன்காரரை அவ்வளவு மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். விடியற்காலையில் டேப்பும் சுண்ணாம்புத் தூளுமாக டிராக் போட்டே பாதிப் படிப்பு போனது. அவள் சுண்ணாம்பைத் தொட்டதே இல்லை. சர்க்கரை நோய் வந்த பெரியவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, நாடித்துடிப்பைக் குறித்து, யார் எவ்வளவு நடக்கலாம் என்று திட்டம் போடுவதுதான் அவளுக்குப் பயிற்சி.

இங்கே வேர் வேறு. இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் 1920-இல் தொடங்கியதே ஆசிரியர்களை உருவாக்கத்தான். இன்றும் மூன்று வருட பி.பி.இ.எஸ். என்ற உடற்கல்வி இளநிலைப் பட்டம், அதன்மேல் இரண்டு வருட பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் பட்டம் என்று போனால் பி.டி. வாத்தியார் ஆகலாம். அதைக் குறைவாகச் சொல்லவில்லை, நானே அதில் சோறு தின்கிறவன்.

ஆஸ்திரேலியாவில் இது மருத்துவத்துக்குப் பக்கத்து வீடு. உடற்பயிற்சி அறிவியலாளர் என்ற அங்கீகாரத்துக்கு 140 மணி நேர நேரடிப் பயிற்சி வேண்டும். நான்கு வருடம் படித்து, மொத்தம் 500 மணி நேரம் முடித்தால் உடற்பயிற்சி உடலியங்கியலாளர். நாள்பட்ட நோயாளியை டாக்டரே இவர்களிடம் அனுப்புவார், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரும்.

பிரிட்டனில் விளையாட்டு அறிவியல் 1975-இல் லிவர்பூலில் பட்டப்படிப்பாகத் தொடங்கியதிலிருந்து ஆய்வகம், புள்ளியியல், கடைசி வருட ஆய்வேடு என்று அறிவியல் பக்கம்தான் சாய்வு. சரியாக ஓடத் தெரியாதவர்கூட நல்ல மதிப்பெண் வாங்கலாம். ஜெர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் அது நடக்காது. நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அடங்கிய தகுதித் தேர்வைத் தாண்டினால்தான் இளநிலையில் இடம். அமெரிக்காவில் இந்தப் படிப்பைக் கினீசியாலஜி என்பார்கள். பலருக்கு அது பிசியோதெரபிக்குப் போகும் முதல் படிதான், பிசியோவாக அதன்மேல் பிசியோதெரபியிலேயே டாக்டர் பட்டம் வேண்டும்.

அப்புறம் ஒன்று. சித்தி மகள் ஊர் திரும்பி ஒரு மருத்துவமனையில் வேலை கேட்டபோது, "நீங்க பிசியோவா?" என்றார்கள். இல்லை என்றதும் ஃபைலை மூடிவிட்டார்கள். அங்கே தனித் தொழிலாக இருப்பதற்கு இங்கே நாற்காலியே போடவில்லை. உங்கள் மகள் படித்துவிட்டுத் திரும்பி வருவதாக இருந்தால் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

கல்லூரிகளின் தரவரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தில் நேரடிப் பயிற்சி மைதானத்திலா, ஆய்வகத்திலா, கிளினிக்கிலா, எத்தனை மணி நேரம் என்ற பக்கத்தை முதலில் அவளையே படிக்கச் சொல்லுங்கள்.