ஸ்கோர் 6 வந்த பையன் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

குழந்தைகள் பாதுகாப்பு வேலைல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன மாசம் மூளை அறிவியல் பத்தி மூணு நாள் ட்ரெயினிங் குடுத்தாங்க, கண்ணத் திறந்துவிட்ட மாதிரி இருந்துச்சு. என் பொறுப்புல இருக்கற 13 வயசுப் பையன் ஒருத்தனுக்கு சின்ன வயசுல பட்ட கஷ்டங்கள எண்ணிப் பாக்கற ஏஸ் (ACE) கேள்விகள வச்சுப் பாத்தேன், ஸ்கோர் 6. 'மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கு'ன்னு ரிப்போர்ட்ல எழுதலாமா? அப்படி எழுதினா மேல இருக்கறவங்க சீரியஸா எடுத்துப்பாங்கன்னு தோணுது.

தம்பி,

எழுதாதீங்க. உங்க அக்கறை புரியுது, ஆனா எழுதாதீங்க.

அமெரிக்கால 1995-லேர்ந்து 97 வரைக்கும் 17,000 பேருக்கு மேல பெரியவங்ககிட்ட சின்ன வயசுல பட்ட கஷ்டங்களக் கேட்டு அவங்க உடல்நிலையோட சேத்துப் பாத்தாங்க, ஃபெலிட்டி, ஆண்டாங்கற ரெண்டு டாக்டருங்களும் அவங்க குழுவும் எழுதின முதல் கட்டுரை 1998-ல வந்துச்சு, அங்கேர்ந்துதான் இந்த ஸ்கோர். அது பெரிய கூட்டத்தப் பத்திச் சொல்ற நம்பர். அடி ஒரு தடவ விழுந்துச்சா தினமும் விழுந்துச்சா, எந்த வயசுல, அப்ப யாராவது பக்கத்துல இருந்தாங்களா, எதுவும் அதுல இல்ல. தனி ஒரு ஆளுக்கு என்ன ஆகும்னு சொல்ல இத பயன்படுத்தக் கூடாதுன்னு ஆண்டாவே 2020-ல எழுதினார்.

மேல இருக்கறவங்க சீரியஸா எடுத்துப்பாங்கன்னு சொல்றீங்கல்ல, எனக்கு பயமே அதுலதான். மோசமான விளக்கத்துல சம்பந்தமே இல்லாம மூளை பத்தி ரெண்டு வரி சேத்தா துறை தெரியாதவங்களுக்கு அது நல்ல விளக்கமாத் தெரியுதுன்னு 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு. நீங்க ஸ்கேன் எடுக்கல, டாக்டரும் இல்ல, ஆனா அந்த ஒரு வரி அவன் ஃபைலோடயே போகும், நாளைக்கு அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வர்ற குடும்பம் அதத்தான் முதல்ல படிக்கும்.

அப்ப மூளை அறிவியல் எதுக்குன்னா, அவன் எப்படின்னு எழுத இல்ல, நாம எப்படி நடந்துக்கணும்னு மாத்திக்கத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு அம்மாவப் பத்தி 'ஒத்துழைப்பு இல்லை'ன்னு எழுதியிருக்கேன். ஒரே விசிட்ல ஆறு வேலை சொல்லிட்டு வருவேன், அவங்க தலையாட்டுவாங்க, அடுத்த தடவ போனா ஒண்ணும் நடந்திருக்காது. பயத்துல இருக்கறப்ப நெத்திப் பக்கத்து மூளை சரியா வேலை செய்யாது, கேட்டத மனசுல வச்சுக்கறதும் திட்டம் போடறதும்தான் முதல்ல தடுமாறும்னு அப்பறம்தான் படிச்சேன். பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு நடுங்கிட்டிருந்தவங்ககிட்ட ஆறு வேலை சொல்லியிருக்கேன்! அன்னிலேர்ந்து ஒரு விசிட்டுக்கு ஒரே விஷயம், அதையும் பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன், எப்பவும் அதே கிழமை அதே நேரம். அந்த வரி ஃபைல்ல இருந்தது இன்னும் உறுத்துது.

ருமேனியா நாட்டுல புக்கரெஸ்ட் நகரத்துல காப்பகத்துல இருந்த 136 குழந்தைங்கள குலுக்கல் முறைல பிரிச்சு ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்களே, ட்ரெயினிங்ல சொல்லியிருப்பாங்க. குடும்பத்துக்குப் போனவங்களுக்கு அறிவுத்திறன் கூடுச்சு, ரெண்டு வயசுக்குள்ள போனவங்களுக்கு அதிகமா. இதக் கேட்டுட்டு '13 வயசாச்சே, இனிமே என்ன'ன்னு நினைச்சுடாதீங்க. அங்க எந்த மருந்தும் குடுக்கல தம்பி, விட்டுட்டுப் போகாத ஆள்தான் குடுத்தாங்க.

ரிப்போர்ட்ல நீங்க கண்ணால பாத்தத எழுதுங்க. கதவு வேகமா சாத்தினா என்ன பண்றான், முன்கூட்டியே சொல்லிட்டு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா எப்படி வர்றான், யார் பக்கத்துல இருந்தா சாப்பிடறான். அத வச்சு அடுத்த ஆளு ஏதாவது செய்ய முடியும். எதிர்ல உக்காந்து கேள்வி கேக்காம பக்கத்துல உக்காருங்க, பழைய கதை முழுக்க அவன மறுபடி சொல்ல வைக்காதீங்க. உங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தா நேர்ல போய்ச் சொல்லுங்க, புதுசா வர்றவங்களையும் கையோட கூட்டிட்டுப் போய் அவனுக்கு அறிமுகம் பண்ணிட்டுக் கிளம்புங்க.

அன்புடன்,
அக்கா