மால்டாவில் ஒரு பகல்: கப்பல் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

மத்தியதரைக்கடல் கப்பலில் இடம் பிடித்தவர்கள் மால்டாவைப் பற்றி அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. சின்னத் தீவுதானே, முழுக்கப் பார்த்துவிடலாமா?

நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் சாலை நெரிசலுக்கு அது தெரியாதே! அப்புறம், 8 முதல் 5 என்பது காகிதக் கணக்கு. இறங்க வரிசை, ஏறக் கெடு எல்லாம் கழித்தால் ஏழு மணி நேரம் கையில் நிற்கும். தலைநகர் வலெட்டா மட்டும், அல்லது வலெட்டாவும் இன்னோர் இடமும். இதற்கு மேல் ஆசைப்பட்டால் வண்டி ஜன்னல் வழியாகத்தான் மால்டாவைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று: அன்று விடியற்காலையே எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். கிராண்ட் ஹார்பர் துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும்போது வலப்பக்கம் வலெட்டாவின் மதில்கள், இடப்பக்கம் சென்ட் ஆஞ்சலோ கோட்டை. சுண்ணாம்புக்கல் முழுக்க இளவெயிலில் தேன் நிறத்தில் இருக்கும். அன்றைய நாளின் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன். பலர் அப்போது காலை உணவு வரிசையில் நிற்கிறார்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. வலெட்டாவில் எங்கும் படிகள் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் சமாளிக்கலாம். துறையிலிருந்து சமதளத்தில் மெதுவாகக் கால் மணி நேரம் நடந்தால் பராக்கா லிஃப்ட் வரும். 2012-இல் திறந்தது, 58 மீட்டர் உயரம். அது நேரே அப்பர் பராக்கா பூங்காவில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து முக்கிய வீதியான ரிபப்ளிக் தெரு பெரும்பாலும் சமதளம்தான். பக்கத்துத் தெருக்கள் அழகாகக் கடலை நோக்கி இறங்கும். அதில் அம்மாவை இறக்காதீர்கள், திரும்ப ஏற வேண்டுமே. பூங்காவுக்குக் கீழே தினமும் பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பீரங்கி வெடிப்பார்கள். உங்களுக்கு 12 மணி வெடிதான் தோது.

சென்ட் ஜான் தேவாலயத்துக்கு டிக்கெட் வாங்கிப் போவது தகுமா? வெளியே பார்த்தால் சாதாரணமாகத் தெரிகிறது.

வெளியே கோட்டைச் சுவர்போல இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். உள்ளே காலெடுத்து வைத்தால் கண் கூசும் பொன்வேலை. 1565-இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கி நின்றவர்கள், அப்போது மால்டாவை ஆண்ட சென்ட் ஜான் சபையின் வீரத்துறவிகள். அவர்கள் மறு ஆண்டே வலெட்டா நகரைக் கட்டத் தொடங்கினார்கள். தேவாலயம் 1577-இல் முடிந்தது. தரை முழுக்க அவர்களுடைய கல்லறைகள்தான், ஏறத்தாழ 400 வண்ணப் பளிங்குப் பலகைகள். அதனால் ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் தலையைத் துண்டிக்கும் ஓவியம் இங்கேதான் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம். அந்தக் கையெழுத்தும் யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில்! ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியவர் அவர். மால்டாவில் அந்தச் சபையின் வீரர் பட்டம் கிடைத்தது. சில மாதங்களிலேயே மீண்டும் அடிதடி, சிறை, தப்பியோட்டம். அவர் இல்லாமலேயே பட்டத்தைப் பறித்தார்கள். பறித்த இடம், அதே ஓவியத்தின் முன்னால். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு அந்த அறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் கப்பல் ஞாயிறன்று வருகிறதா என்று இப்போதே பாருங்கள்.

கடலுக்குள் நிற்கும் அந்தக் கல் வளைவையும் நீல லகூனையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்.

அஸூர் விண்டோ எனப்படும் அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீல லகூன் இருப்பது கொமினோ தீவில். சாலை, படகு, கூட்டம், மறுபடி படகு என்று பாதி நாள் போய்விடும். கப்பலில் வருபவர்களுக்கு வேண்டாம்.

இம்தினா?

அதற்குப் போகலாம். அரபியில் மதீனா என்றால் நகரம். பெயர் அதிலிருந்து வந்ததுதான். பழைய தலைநகரம், மதிலுக்குள் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் அப்படியோர் அமைதி. வலெட்டா நகர வாயிலுக்கு வெளியே இருந்து 51, 52, 53 எண் பேருந்துகள் போகும். போவது எளிது, திரும்புவதுதான் சிக்கல். ஒருமுறை இரண்டு பேருந்துகள் நிறைந்து வழிந்தபடி நிற்காமலே போய்விட்டன. மூன்றாவதில் தொங்காத குறையாக ஏறி, வியர்த்து விறுவிறுத்துக் கப்பலைப் பிடித்தேன். கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே இம்தினாவை விட்டுக் கிளம்புங்கள். பேருந்து நிற்கவில்லையா, யோசிக்காமல் டாக்சி.

சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

பஸ்திட்ஸி. நம்ம ஊர் பஃப்ஸின் ஒன்றுவிட்ட தம்பி. ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று, பட்டாணி வைத்தது ஒன்று. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். கசப்பு ஆரஞ்சில் செய்யும் கின்னி என்ற சோடாவையும் குடித்துப் பாருங்கள். முதல் வாய்க்கு முகம் சுளிக்கும், பாட்டில் காலியானதும் இன்னொன்று கேட்கும்.

இந்திய பாஸ்போர்ட். தனி விசா வேண்டுமா?

மால்டா ஷெங்கன் நாடு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான அந்த ஷெங்கன் விசா போதும். வழியில் துனிசியாவோ துருக்கியோ போய்த் திரும்பும் கப்பல் என்றால், பலமுறை நுழையும் விசாவாகப் பார்த்து வாங்குங்கள்.

நேரத்துக்கு வராவிட்டால் கப்பல் காத்திருக்குமா?

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் போய்விடும். அடுத்த துறைமுகம் வரைக்குமான செலவு உங்களுடையது. கப்பலில் தரும் அன்றாடத் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும், இறங்குமுன் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வையுங்கள்; சில பயணங்களில் அதுவும் ஊர் நேரமும் ஒன்றாக இருக்காது. வலெட்டாவுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பராக்கா பூங்காவின் கைப்பிடிச் சுவரில் நின்று எட்டிப் பார்த்தால் உங்கள் கப்பல் கீழேயே நிற்கும்.