புளூகிராஸ்: ஓட்டமும் துக்கமும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்க கிராமிய இசை வகையான புளூகிராஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாரமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இசை பிடித்திருக்கிறது. ஆனால் வரிகளைத் தேடிப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. எங்கு பார்த்தாலும் அம்மா, மலைமேல் ஒரு மரவீடு, ரயில், கல்லறை. சாதாரண மனிதர்களின் அன்றாடம் இந்தப் பாட்டுகளில் இருக்கிறது என்றீர்கள். எனக்கு ஊர் ஏக்கம் மட்டும்தான் தெரிகிறது. இன்னொன்று, சாவைப் பாடும்போதுகூட ஏன் இப்படி ஓட்டமாக ஓடுகிறார்கள்?

எம்.

அன்புள்ள எம்,

நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த மரவீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் பாடியவர்களில் பலர் அந்த வீட்டை விட்டுப் பிழைக்கப் போனவர்கள். இந்த இசையை உருவாக்கிய பில் மன்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர். பத்து வயதில் அம்மா இறந்தார், பதினாறில் அப்பா. தாய்மாமன் பென் வாண்டிவர்தான் பையனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வேலை தேடி வடக்கே போன அண்ணன்கள் பின்னாலேயே மன்ரோவும் 18 வயதில் இண்டியானாவுக்குப் போய் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவினார். 1939இல் தொடங்கிய குழுவுக்குத் தன் மாநிலத்தின் செல்லப்பெயரையே வைத்தார்: 'புளூ கிராஸ் பாய்ஸ்'. பிறகு அந்த இசைக்கே அது பெயராகிவிட்டது.

மாமாவைப் பற்றி அவர் 1950இல் பதிவு செய்த 'அங்கிள் பென்' பாட்டைக் கேளுங்கள். மாமா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அதில் புலம்பல் கிடையாது. மாமா பிடிலை எடுத்தால் எங்கிருந்தெல்லாமோ ஆட வருவார்கள், விடிய விடிய ஆட்டம் நடக்கும், அவர் வாசித்த மெட்டுகள் இன்னின்னவை என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு அந்தப் பெயர்ப் பட்டியல்தான் பாட்டின் உயிர். போய்ச் சேர்ந்த ஒருவரைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் நாமும் இப்படித்தானே பேசுவோம்? அவருக்கு என்ன கைவந்தது, எதை விரும்பிச் செய்வார் என்று.

இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் அதற்குப் பிறகும் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் டேட்டன், டெட்ராய்ட், பால்டிமோர் என்று ஆலை நகரங்களுக்குப் போனார்கள். ஷிப்ட் முடிந்து வந்து இந்த இசையைக் கேட்டவர்களுக்கு ஊர் நினைப்பு தினப்படி விஷயம். வாடகையும் சம்பளமும் எப்படியோ அப்படி. அன்றாடம் என்று நான் எழுதியது அதையும் சேர்த்துத்தான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பாடகி ஹேஸல் டிக்கன்ஸ். இந்த இசையில் எனக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பால்டிமோருக்கு வந்து ஆலை வேலை பார்த்தவர். 'மாமாஸ் ஹேண்ட்' என்ற அவர் பாட்டு, அம்மாவின் கையை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றியது. அந்தப் பெண் எடுத்துப்போகும் சாமான் ஒரு பழைய காகிதப்பை. அதற்குள் பிறர் உடுத்திக் கழித்த துணிகள். நீங்கள் 'அம்மா' என்ற சொல்லைப் பார்த்ததும் இதுவும் அதேதான் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். இன்னொரு முறை கேட்டு அந்தப் பையைப் பாருங்கள். பெட்டி வாங்கக்கூட வழியில்லாத வீடு என்று பாட்டில் எங்கும் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அவருடைய சகோதரர் ஒருவர் சுரங்கத்தில் உழைத்து, நுரையீரலில் கரித்தூள் படிந்து இறந்தார். அந்த நோயின் பெயரையே தலைப்பாக வைத்து 'பிளாக் லங்' எழுதினார் ஹேஸல். நோயாளி முதலாளியைப் பார்க்கப் போகிறார், கதவைச் சாத்திவிடுகிறார்கள். வைத்தியச் செலவுத் திட்டத்திலும் அவருக்கு இடமில்லை. கடைசியில் கல்லறைக்கு முதலாளி சின்னப் பூங்கொத்தோடு வந்து நிற்கிறார். பூவை எடுத்துக்கொண்டு போ என்கிறது பாட்டு. ஓட்டம் என்றீர்களே, இதில் ஓட்டமே இல்லை. பேஞ்ஜோ என்ற நரம்பு வாத்தியம் இல்லை, கிட்டார் இல்லை, வெறும் குரல்.

மற்ற பாட்டுகளின் வேகத்துக்குக் காரணம், இந்த இசையின் வேர் ஆட்டத்தில் இருப்பது. பென் மாமா வாசித்ததே ஊரார் ஆடுவதற்குத்தான். பழைய பாணிக் குழுக்களில் டிரம்ஸ் கிடையாது. மாண்டலின் தாளத்தின் எதிரடியில் வெட்டிவெட்டி விழும், டிரம்ஸின் வேலையை அதுதான் பார்க்கும். 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மன்ரோவின் குழுவில் சேர்ந்து, மூன்று விரலால் பேஞ்ஜோ நரம்புகளை உருட்டி மீட்ட ஆரம்பித்ததும் வேகம் இன்னும் கூடியது. அவரும் நூற்பாலையில் வேலை பார்த்தவர்தான். துக்கம் இந்த வாத்தியங்களுக்கு மேலே, உச்சத்தில் இழுத்துப் பிடித்த குரலில் இருக்கும். பாடுகிறவர் நின்று அழுவதில்லை. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. சாவு விழுந்த வீட்டிலும் மறுவாரம் வேலைக்குப் போயாக வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மரவீட்டையும் அம்மாவையும் அச்சுப்போல ஒட்டவைத்த பாட்டுகள் ஏராளம். அவற்றை நான் கேட்பதில்லை. ஆற்றங்கரையில் காதலியைக் கொல்லும் பழைய கதைப்பாடல்களிலும் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. அவற்றை விட்டுவிட்டு, ஹேஸலும் இன்னொரு பாடகியான ஆலிஸ் ஜெரார்டும் சேர்ந்து 1973இல் வெளியிட்ட தொகுப்பைக் கேளுங்கள். மதுக்கடைப் பெண்ணை இழிவாகப் பேசும் ஆண்களைப் பார்த்து, அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதில் உனக்கும் பங்கு உண்டு என்று முகத்துக்கு நேரே சொல்லும் பாட்டு அதில்தான் இருக்கிறது. அப்புறம், வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் படிக்காதீர்கள். குரலோடு கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்