லச்சக்கொட்டைக் கீரை: மஞ்சள் இலை பச்சையாக மாறுவது ஏன்?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நர்சரியில் எலுமிச்சை மஞ்சளாகப் பளபளத்த லச்சக்கொட்டைக் கீரைச் செடியை வாங்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்தேன். இரண்டு முறை யூரியாவும் போட்டேன். இப்போது ஒரே குச்சியாக ஆளுயரம் போய்விட்டது, இலையெல்லாம் பச்சை. எங்கள் போர்த் தண்ணீர் கரிக்கும். செடிக்கு நோயா? இந்த இலையைச் சமைக்கலாமா? வேலி ஓரமாக வரிசையாக வளர்க்க ஆசை."

நோய் இல்லை. நிழலும் யூரியாவும் செய்த வேலை இது. பச்சை இலையையும் சமைக்கலாம், அதில் கெடுதல் ஒன்றும் கிடையாது.

நச்சுக்கொட்டைக் கீரை என்றும், ஈழத்தில் சண்டியிலை என்றும் சொல்லும் இந்தச் செடியின் தாவரப் பெயர் பிசோனியா. காகிதப்பூ, அந்திமந்தாரை, மூக்கிரட்டைக் கீரை எல்லாம் இதன் குடும்பம்தான். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள பவளத் தீவுகளில், வெறும் மணலில், உப்புக் காற்றில் பெரிய மரமாகவே வளரும். அங்கே காடாக நிற்கும் மரத்தின் இலை பச்சைதான். நாம் வீட்டில் வளர்ப்பது அதன் வெளிர் வகை. இலையில் பச்சையம் குறைவாக இருப்பதால்தான் அந்த மஞ்சள் தெரிகிறது. வெளிச்சம் குறைந்தால் செடி கூடுதலாகப் பச்சையம் சேர்க்கும். யூரியாவில் இருக்கும் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தாலும் அப்படித்தான். காகிதப்பூ வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்: நல்ல வெயிலும் அளவான உரமும் இருந்தால்தான் நிறம்.

அதனால் முதல் வேலை, யூரியாவை நிறுத்துவது. வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கூடை மக்கிய சாணம் போதும். இரண்டாவது, தினமும் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் படும் இடம். வளர்ந்துவிட்ட செடியைத் தோண்டி மாற்றாதீர்கள். நிழலில் வளர்ந்த இலைகள் திடீர் வெயிலில் கருகும், வேரும் அறுபடும். அந்த நெட்டைக் குச்சியையே வெட்டி வேலிக்கு நாற்றாக்கிவிடலாம்.

இந்த வகை பூத்து விதை வைப்பது அபூர்வம், எல்லோரும் போத்து, அதாவது நறுக்கிய குச்சி, வைத்துத்தான் பெருக்குகிறார்கள். தீவுகளில் ஒடிந்து விழுந்த கிளைகூட மண்ணில் வேர் பிடித்துவிடும். கட்டைவிரல் பருமனுள்ள, முற்றத் தொடங்கிய குச்சியைத் தேர்ந்தெடுங்கள். நுனித் தளிர் வேண்டாம், அழுகிவிடும். ஒரு சாண் அல்லது சற்று கூடுதலாக நறுக்கி, இலைகளை நீக்கி, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் போட்டுவையுங்கள். இதன் தண்டு மிருதுவானது, நீர் நிறைந்தது. ஈரக் காயத்தோடு மண்ணில் செருகினால் அழுகல் வரும். அப்புறம் பாதி மணல் கலந்த பையில், கணு ஒன்றிரண்டு மண்ணுக்குள் போகும்படி சற்றே சாய்த்து நடுங்கள். தளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், குச்சியில் இருக்கும் சத்திலேயே தளிர் விடும். இரண்டாம் அடுக்கு இலை விரிந்து, மெல்ல இழுத்தால் குச்சி அசையாமல் நிற்க வேண்டும். அதன்பின் ஒரு வாரம் காலை வெயிலில் பழக்கி, வேலி ஓரம் மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள்.

உங்கள் பகுதிக்கு ஆவணிக் கடைசியில் போத்து வைப்பது நல்லது. ஐப்பசி மழையில் நட்டுவிட்டால் வேர் பிடிக்கும் காலம் முழுக்க நல்ல தண்ணீர் கிடைக்கும். கரிப்பு நீர் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கும் இதுதான் பதில். வளர்ந்த செடி ஓரளவு உப்பைத் தாங்கும், கன்று தாங்காது. மழை முடிந்து போர்த் தண்ணீருக்கு மாறும்போது இலைமேல் தெளிக்காமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதைவிட, வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாக நனையும்படி விடுவது மேல். மேலோட்டமாக ஊற்றினால் உப்பு வேரைச் சுற்றியே தங்கிவிடும். இலை ஓரங்கள் பழுப்பாகக் காய்ந்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். தென்னை மட்டை, சருகு எதையாவது மூடாக்காகப் போடுங்கள்.

இனி கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. இந்தச் செடியில் நிறம், தளிர், அடர்த்தி மூன்றும் கத்தியில்தான் இருக்கிறது. கன்று இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கீழே கிளைகள் வெடிக்கும். அவை ஒரு முழம் நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் வெளிவட்டம் முழுக்கப் புது இலை, புது இலைதான் நல்ல மஞ்சள், சமைக்கவும் அதுதான் மிருது. செடியைப் பார்த்துப் பாவப்பட்டு வெட்டாமல் விடுகிறவர்கள் அதிகம், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. விட்டால் அது மரமாகிவிடும், கீரை கைக்கு எட்டாது. நான்கைந்து அடிக்குள்ளேயே நிறுத்துங்கள். கிளைகள் எளிதில் ஒடிபவை, அதனால் ஆடிக் காற்றுக்கு முன் வைகாசியில் தலைப்பாரத்தைக் குறையுங்கள். பலமான கவாத்தைப் புரட்டாசியில் வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் மொட்டையடிக்கக் கூடாது, தண்டு வெந்துவிடும். நல்ல வெயில் பட்டும் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகவே வந்தால் அதை அடியோடு எடுத்துவிடுங்கள். பச்சைக் கிளைக்கு வீரியம் அதிகம், மஞ்சளை அமுக்கிவிடும்.

பூச்சி அதிகம் வராது. ஆனால் தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் அலட்சியம் வேண்டாம். செடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும், அதன் இனிப்புக் கழிவுக்காக அந்தப் பூச்சியைக் காவல் காக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடலின் கொரிங்கா தீவுகளில் 1990களில் பிசோனியாக் காடு அழிந்ததற்கே இந்தச் செதில் பூச்சிதான் முக்கியக் காரணம். ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் அடியுங்கள். அதன்பின் ஒரு வாரம் கீரை பறிக்க வேண்டாம்.

சாப்பிடும் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. நர்சரிகளில் மஞ்சள் இலைச் செடிகள் பல உண்டு. தங்க துராண்டாவும் குரோட்டன்ஸும் நஞ்சு. லச்சக்கொட்டையின் இலை உள்ளங்கையைவிடப் பெரியது, மிருதுவானது, ஓரம் வழவழப்பானது, புள்ளியோ சிவப்போ இருக்காது. துராண்டாவின் இலை விரல் நீளம்தான். சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டாமல் சமைக்காதீர்கள். இன்னொன்று, அழகுச் செடியாக விற்பதால் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். வாங்கிய செடியின் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, புதிதாக வளர்ந்ததை ஒன்றரை மாதம் கழித்துப் பறிப்பதே பாதுகாப்பு.

நுனியிலிருந்து நான்கைந்து இலைகள் பறித்து, நடு நரம்பை உருவி, பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். அடை மாவில் கலந்தாலும் நன்றாக இருக்கும். சமைக்காமல் தின்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வாத வலிக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்லிவருகிறார்கள், உணவாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்ப வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.