ஒரே கோரைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஷெட்யூலர்கள்

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எலிக்சர் மொழியில் எழுதிய சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். 16 கோர் உள்ள அதே மெஷினில், நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் ராபிட்எம்க்யூவும் ஓடுகிறது. வேகம் கூடட்டும் என்று எலிக்சருக்கு, ஷெட்யூலர்களைக் கோர்களோடு பிணைக்கும் ‘பிளஸ் எஸ்பிடி டிபி’ கொடுத்தோம். இப்போது பதில் வரத் தாமதமாகிறது. பாதி கோர்களோ சும்மா கிடக்கின்றன. ஏன்?
– வாசகர், பினாங்கு

பதில்: எலிக்சரின் ஷெட்யூலர்களை, அதாவது வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் திரெட்டுகளை, நீங்கள் கோர்களோடு பிணைத்தீர்கள். ராபிட்எம்க்யூ யாரும் சொல்லாமலே தன் ஷெட்யூலர்களைப் பிணைத்துக்கொள்ளும். அதன் டிஃபால்ட்டே ‘பிளஸ் எஸ்டிபிடி டிபி’தான். இரண்டும் எர்லாங் மொழியின் இயக்கியான பீம் மீது ஓடுபவை என்பதால், ஒரே கோர் வரைபடத்தைப் படித்து ஒரே வரிசையில் இடம் பிடிக்கின்றன. இரண்டின் முதல் ஷெட்யூலரும் ஒரே கோரில் போய் உட்காரும். போதாததற்கு, வேலை குறைவாக இருந்தால் பீம் அதை எண் குறைந்த ஷெட்யூலர்களிடமே திரட்டிவிடும். முதல் சில கோர்களில் நெரிசல், மற்றவை காலி. பிணைக்காத திரெட் என்றால் லினக்ஸ் அதைக் காலிக் கோருக்கு நகர்த்திவிடும். பிணைத்ததை நகர்த்த வழியில்லை. வேலையற்ற ஷெட்யூலர் தூங்குமுன் சிறிது நேரம் வெறுமனே சுற்றுவதும் அடுத்தவரின் நேரத்தைத் தின்னும்.

இரண்டிலும் எர்லாங்கின் சிஸ்டம் இன்ஃபோவில் ‘ஷெட்யூலர் பைண்டிங்ஸ்’ கேட்டுப் பாருங்கள். எண்கள் ஒன்றுபோல வந்தால் காரணம் இதுவே. திரெட்டுகளின் ஸ்டேட்டஸ் ஃபைலில், விரும்பாமல் கோரை விட்டுக்கொடுத்த எண்ணிக்கை விறுவிறுவென ஏறுவதையும் காணலாம்.

முதலில் இரண்டையும் ‘யூ’ என்று மாற்றிப் பிணைப்பை அவிழ்த்துவிடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால், லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் சிபியு அஃபினிட்டியில் ஆளுக்கு 8 கோர் பிரித்துக் கொடுங்கள். ஆனால் 0 முதல் 7, 8 முதல் 15 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடாது. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங் உள்ள மெஷினில் 0-வும் 8-ம் ஒரே கோரின் இரு பாதிகளாக இருக்கலாம். ‘எல்எஸ்சிபியு’ கட்டளையை ‘மைனஸ் ஈ’யோடு ஓட்டி, கோர் என்ற பத்தியைப் பார்த்தே பிரிக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தபின் ஆன்லைன் ஷெட்யூலர் எண்ணிக்கை 8 என்று காட்ட வேண்டும். அந்த வெறும் சுற்றலை நிறுத்த ‘பிளஸ் எஸ்பிடபிள்யுடி நன்’.

பலனை ‘டாப்’ கட்டளையில் அளக்காதீர்கள், சுற்றலையும் அது வேலையாகவே கணக்கிடும். எர்லாங்கே தரும் ‘ஷெட்யூலர் யூட்டிலைசேஷன்’தான் நம்பத்தக்கது.

பிணைப்பு வீண் என்று சொல்லவில்லை. மெஷின் முழுவதும் ஒரே பீமுக்கு, சுமையும் இடைவிடாமல், அதுவும் இரண்டு சாக்கெட் உள்ள சர்வர் என்றால் பிணைத்த திரெட் தன் கோரின் கேஷ் நினைவகத்தை விட்டு அலையாது. அங்கே பிணைப்பது நல்லது. வெர்ச்சுவல் மெஷினில் நாம் காணும் கோர் எண்ணே நிஜக் கோரோடு ஒட்டியிருப்பதில்லை என்பதால் அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கோ மொழியில் ‘லாக் ஓஎஸ் திரெட்’ இதே வேலையைச் செய்யுமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: செய்யாது. அது கோ மொழியின் சிறு வேலை அலகான ஒரு கோரூட்டினைத் திரெட்டோடு கட்டுகிறது. திரெட்டைக் கோரோடு அல்ல. முழு ப்ராசஸையும் ‘டாஸ்க்செட்’ கட்டளையால் சில கோர்களுக்குள் அடக்குங்கள், தொடங்கும்போதே அனுமதித்த கோர்களை எண்ணி ஒரே நேரத்தில் ஓடும் திரெட்டுகளின் வரம்பான ‘கோமேக்ஸ்ப்ராக்ஸ்’ தானாக அமையும். கன்டெய்னரின் சிபியு வரம்பையும் கணக்கில் எடுப்பது 1.25 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தையது என்றால் எண்ணை நீங்களே கொடுங்கள்.